தென்னாப்பிரிக்கா கிறிஸ்தவ நாடா? டர்பன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பெற்றோர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பது ஒரு மாதிரி, ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள் கேட்பது வேறு மாதிரி. ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரு விஷயத்தில் வந்து நிற்கும். இந்த நாட்டு அரசியலில் கிறிஸ்தவத்துக்கு என்ன இடம், அதற்குள் நமக்கு என்ன இடம்? என் அப்பா வழி மாரியம்மன் கோயில் குடும்பம், அம்மா வழி ஆங்கிலிக்கன் சபை. இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவன் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா கிறிஸ்தவ நாடு என்று சொல்லலாமா?

தலைகளை எண்ணினால் சொல்லலாம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 85.3 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க மரபுச் சமயத்தவர் 7.8, முஸ்லிம்கள் 1.6, இந்துக்கள் 1.1 சதவீதம்.

சட்டத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. 1996 அரசியலமைப்பில் அரசு மதம் என்று எதுவும் கிடையாது. மனசாட்சி, மதம், சிந்தனை, நம்பிக்கை ஆகியவற்றின் சுதந்திரத்தை 15ஆம் பிரிவு எல்லோருக்கும் தருகிறது. மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதை 9ஆம் பிரிவு தடுக்கிறது.

அதே சமயம், அரசையும் மதத்தையும் சுவர் எழுப்பிப் பிரித்த நாடும் இது இல்லை. அரசியலமைப்பின் முகப்புரையே ஒரு பிரார்த்தனையில்தான் முடிகிறது. ‘கடவுள் நம் மக்களைக் காப்பாராக’ என்று சொல்லிவிட்டு, ‘ங்கோசி சிகெலெல் ஐஆப்பிரிக்கா’ என்று தொடங்கி, ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கும்படி பல மொழிகளில் வேண்டுகிறது. அந்த வரி, மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர் ஈனோக் சொன்டோங்கா 1897இல் எழுதிய பாடலிலிருந்து வந்தது. இன்றைய தேசிய கீதத்தின் முதல் பாதியும் அதே பாடல்தான். நாடாளுமன்றக் கூட்டம் தொடங்கும்போது எந்த மதத்து ஜெபமும் சொல்வதில்லை. பிரார்த்தனைக்கோ தியானத்துக்கோ என்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கிறார்கள். மண்டேலா 10 மே 1994 அன்று பதவியேற்றபோது கிறிஸ்தவ, இந்து, இஸ்லாமிய, யூதப் பிரார்த்தனைகள் எல்லாமே மேடையில் ஒலித்தன.

நிறவெறி ஆட்சி தன்னைக் கிறிஸ்தவ ஆட்சி என்றுதான் சொல்லிக்கொண்டதா?

ஆமாம். இதைப் பிள்ளைகளுக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1948இல் நிறவெறியை அரசுக் கொள்கையாகக் கொண்டு வந்த பிரதமர் டி. எஃப். மலான், அரசியலுக்கு வருமுன் டச்சு சீர்திருத்த சபையின் போதகராக இருந்தவர். அந்தச் சபைக்கும் இந்தப் பிரிவினைக்கும் உள்ள உறவு அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1857இல் கூடிய சபை மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. வெள்ளையரும் மற்றவர்களும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ தனித்தனியே கூடலாம் என்றது அது. சிலருடைய பலவீனத்துக்காகத் திறந்துவிட்ட அந்தக் கதவு அப்புறம் மூடவே இல்லை. விதிவிலக்கு வழக்கமானது, வழக்கம் கொள்கையானது, கொள்கைக்கு வேதத்தில் ஆதாரமும் தேடினார்கள். பாபேல் கோபுரத்தில் கடவுளே மக்களை மொழிவாரியாகப் பிரித்தார், ஆகவே பிரிந்திருப்பது அவர் சித்தம் என்று போதித்தார்கள். வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இப்படிப்பட்ட போதனைதான் பக்கபலமாக நின்றது.

டிசம்பர் 16 விடுமுறையும் இந்தக் கதையில் வருகிறது. 1838இல் அதே நாளில், ரத்த ஆற்றுப் போரில், டச்சு வழி வெள்ளைக் குடியேறிகளான ஃபோர்ட்ரெக்கர்கள் சுமார் 3,000 ஜூலு வீரர்களைக் கொன்றார்கள். வெற்றி தந்தால் இந்த நாளை ஓய்வுநாளாக ஆசரிப்போம் என்று போருக்கு முன் கடவுளிடம் பொருத்தனை செய்திருந்தார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள், இது தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் என்ற எண்ணத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கும் நாளாக அது ஆகிப்போனது. 1994க்குப் பிறகு தேதியை மாற்றாமல் அதை நல்லிணக்க நாளாக்கினார்கள். 1961இல், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு தன் முதல் தாக்குதல்களை நடத்தியதும் இதே தேதியில்தான். இரண்டு தரப்புக்கும் பொருள் உள்ள நாள் என்பதால் அந்த ஏற்பாடு நிலைத்தது.

1983 அரசியலமைப்பின் முகப்புரை, கிறிஸ்தவ விழுமியங்களைக் காப்பதை அரசின் குறிக்கோள்களில் ஒன்றாக வெளிப்படையாகவே எழுதியது. அந்த அரசியலமைப்பில்தான் இந்தியர்களுக்கென்று தனி அவை ஒன்றை அமைத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தியர்களுக்குத் தனி டச்சு சபை இருந்ததாமே?

இருந்தது. வெள்ளையருக்குத் தாய்ச்சபை, கலப்பினத்தவருக்கு 1881இல் ஒரு சபை, கறுப்பினத்தவருக்கு 1963இல் ஒரு சபை. 1968இல் இந்தியர்களுக்கென்று இந்திய சீர்திருத்த சபை. 1976இல் அது ‘ஆப்பிரிக்காவின் சீர்திருத்த சபை’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. நாம் இன்ன இனம் என்ற அடையாளத்தைப் பெயரிலிருந்து எடுத்துப் போட்டதே ஒரு எதிர்ப்புதான். விசுவாசம் ஒன்று, சபை நான்கு என்ற ஏற்பாட்டை அந்தச் சின்னச் சபை மக்கள் எப்படிச் சகித்தார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

அதே பைபிளை வைத்துத்தான் நிறவெறியை எதிர்த்தார்கள் என்கிறார்களே, அது எப்படி?

ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1912இல் ப்ளூம்ஃபான்டெய்னில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜான் டூபே ஒரு போதகர். பின்னாளில் தலைவரான ஆல்பர்ட் லுத்துலி, சபையில் பிரசங்கம் செய்தவர். ‘விடுதலைக்குப் போகும் பாதை சிலுவை வழியாகத்தான்’ என்று 1952இல் அறிக்கை விட்டார். 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கர்களுக்குப் படிப்பு மிஷன் பள்ளிகள் வழியாகத்தான் கிடைத்தது. அங்கே பைபிளை வாசித்தவர்கள், எகிப்தில் அடிமையாக இருந்த இஸ்ரவேலரில் தங்களைத்தான் கண்டார்கள்.

டர்பனில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனாண்டா பக்கம் போய்ப் பாருங்கள். டூபே கட்டிய ஒஹ்லாங்கே பள்ளி அங்கே இருக்கிறது. மண்டேலா 1994இல் தன் வாழ்நாளின் முதல் வாக்கை அந்தப் பள்ளியில்தான் போட்டார், டூபேயின் கல்லறைக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு. அதே பகுதியில் ஏசாயா ஷெம்பே தொடங்கிய நாசரேத் பாப்டிஸ்ட் சபையின் புனிதத் தலமான எகுபகாமெனி. ஒரு போதகரின் பள்ளி, ஒரு இந்துவின் ஆசிரமம், பைபிளையும் ஜூலு மரபையும் சேர்த்துக்கொண்ட ஒரு சபை. ஒரே மதியத்தில் மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம். இந்த நாட்டு அரசியல் எந்த மண்ணில் முளைத்தது என்பதைப் புத்தகத்தைவிட அந்தச் சுற்று நன்றாகச் சொல்லும்.

வெள்ளையர் சபைக்குள்ளிருந்தும் எதிர்ப்பு வந்தது. 1957இல் கறுப்பர்கள் வெள்ளையர் பகுதித் தேவாலயங்களுக்கு வருவதைத் தடுக்க வழிசெய்யும் சட்டம் வந்தபோது, இதற்குக் கீழ்ப்படியும்படி என் மக்களிடம் சொல்ல முடியாது என்று பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் கேப்டவுன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இறந்துபோனார். பேயர்ஸ் நௌடே கதை இன்னும் கூர்மையானது. டச்சு வழி வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களின் ரகசிய அமைப்பில் உறுப்பினர், டச்சு சபையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1960இல் ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அவர் மனம் மாறியது. 1963இல் கிறிஸ்டியன் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார். சபைப் பொறுப்பு போனது, சொந்தச் சமூகம் ஒதுக்கியது. 1977இல் அரசு அவர் பேசவும் நடமாடவும் தடை போட்டது.

நம் டர்பனின் கத்தோலிக்கப் பேராயர் டெனிஸ் ஹர்லி, நிறவெறி தன் இயல்பிலேயே தீமையானது என்று அறிவித்தவர். நமீபியாவில் பாதுகாப்புப் படை செய்த கொடுமைகளைப் பேசியதற்காக அவர் மேல் வழக்கே போட்டார்கள். 1985இல் அது கைவிடப்பட்டது.

1982இல் இரண்டு பெரிய அடிகள் விழுந்தன. உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, நிறவெறியை நியாயப்படுத்தும் இறையியல் துர்உபதேசம் என்று அறிவித்தது. அதே ஆண்டு கலப்பினத்தவர் சபை, இனப் பிரிவினையை மறுக்கும் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதியது. 1985இல் இந்நாட்டு இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் சொந்த வீட்டையே கேள்வி கேட்டது. ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி ‘அதிகாரத்துக்குக் கீழ்ப்படி’ என்று சொல்லும் அரசின் இறையியல் ஒன்று, நீதியைப் பேசாமல் சமாதானத்தை மட்டும் பேசும் சபையின் இறையியல் இன்னொன்று. இரண்டும் போதாது, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் தீர்க்கதரிசன இறையியல் வேண்டும் என்றது. டெஸ்மண்ட் டூட்டு பொதுச்செயலாளராக இருந்த தென்னாப்பிரிக்க சபைகள் கவுன்சிலின் தலைமையகம் கோட்சோ ஹவுஸ். 1988இல் அரசின் ஆட்களே அதற்குக் குண்டு வைத்தார்கள். கிறிஸ்தவ அரசு என்று சொல்லிக்கொண்ட ஒன்று கிறிஸ்தவ சபைகளின் கட்டடத்தைத் தகர்த்தது.

காந்தி காலத்தில் ‘கிறிஸ்தவத் திருமணம் மட்டுமே செல்லும்’ என்று தீர்ப்பு வந்தது உண்மையா?

உண்மை. நம் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த பெண் ஒருவர் கணவரோடு சேர இங்கே வந்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது என்று சொல்லி அவரை உள்ளே விட மறுத்தார்கள், நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிப்பு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத இந்தியத் திருமணங்கள் எல்லாமே கேள்விக்குள்ளாயின. மாரியம்மன் முன்னால் தாலி கட்டிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, அவள் பிள்ளைகள் வாரிசு இல்லை என்றாகும் நிலை.

அதுவரை சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போனதில்லை. இந்தத் தீர்ப்பு அவர்களை வீதிக்குக் கொண்டு வந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள், சிலர் கைக்குழந்தையோடு. எல்லை தாண்டி நேட்டாலுக்குள் வந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரி ஒரு பக்கம், திருமணத்துக்கு வந்த அவமானம் இன்னொரு பக்கம். அக்டோபரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அது கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது.

தில்லையாடி வள்ளியம்மை அந்தப் பெண்களில் ஒருத்தி. பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், வயது 16. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்ததும் 22 பிப்ரவரி 1914 அன்று இறந்துபோனாள். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, ஒரு மனைவி மட்டும் உள்ள இந்தியத் திருமணத்தை ஏற்க வழி செய்தது.

அந்தப் போராட்டத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். மறந்துபோன பெயர் ஒன்றைச் சொல்கிறேன்: ஜோசப் ராயப்பன். ஒப்பந்தக் கூலிகளின் மகன், கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர், கிறிஸ்தவர். டிரான்ஸ்வாலில் தெருவில் கூடை சுமந்து வியாபாரம் செய்து சிறைக்குப் போனார். அடுத்த தலைமுறையில் பெர்னார்ட் சிகாமணி 1917இல் டர்பனில் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவாக முன்னால் நின்றவர், பிறகு ஆங்கிலிக்கன் குருவானார். காந்தியை 1908இல் அடித்துப் போட்டபோது தன் வீட்டில் வைத்துக் கவனித்த ஜோசப் டோக் ஒரு பாப்டிஸ்ட் போதகர்.

இன்று கோயிலில் நடக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

கல்யாணம் நடத்தி வைப்பவர் திருமண அதிகாரியாக நியமிக்கப்பட்டவராக இருந்து, பதிவும் நடந்தால் செல்லும். 1961 திருமணச் சட்டத்திலேயே ‘இந்திய மதங்களின் சடங்குப்படி’ என்று இடம் இருக்கிறது. நியமனம் இல்லாத ஐயர் தாலி எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவு நடக்காமல் போனால்தான் சிக்கல். கணவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் மனைவி கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும். 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு பெண்ணை வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியாக ஏற்றது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதை நம்பிப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தில் கையெழுத்துப் போட அரை நாள் போதும்.

பள்ளியில் கிறிஸ்தவ ஜெபம் சொல்லச் சொல்கிறார்கள். பிள்ளை சொல்ல வேண்டுமா?

வேண்டாம். அதாவது, கட்டாயமில்லை. அரசுப் பள்ளியில் மத அனுசரிப்பு நடக்கலாம், அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: உரிய அதிகாரம் வகுத்த விதிப்படி நடக்க வேண்டும், எல்லா மதத்தையும் நியாயமாக நடத்த வேண்டும், வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும்.

1967ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வெள்ளையர் பள்ளிக் கல்வி கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. இந்தியர் பள்ளிகளுக்கு வேறு சட்டம் என்றாலும் காற்று அதே பக்கம்தான் அடித்தது. என் பள்ளியில் காலை அசெம்பிளியில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ சொல்லித்தான் வகுப்புக்குப் போவோம். நெற்றியில் விபூதியோடு நின்ற பிள்ளைகளும் சொன்னோம். அந்த ஜெபம் எனக்கு இன்றும் பிடிக்கும். அம்மா வீட்டில் இரவில் அதைச் சொல்லித்தான் விளக்கை அணைப்பார்கள். ஆனால் விபூதியைத் துடைத்துவிட்டு வரிசையில் நில் என்று ஒரு ஆசிரியர் சொன்னபோது என் பக்கத்தில் நின்ற பையனின் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை.

2003இல் கல்வி அமைச்சர் காதர் அஸ்மால் கொண்டு வந்த தேசியக் கொள்கை இதை மாற்றியது. பள்ளி எல்லா மதங்களையும் பற்றிச் சொல்லித் தரலாம், ஒரு மதத்துக்கு ஆள் சேர்க்கக் கூடாது. 2017இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: அரசுப் பள்ளி எதுவும் தன்னைக் கிறிஸ்தவப் பள்ளி என்றோ வேறு ஒரு மதத்தின் பள்ளி என்றோ காட்டிக்கொள்ளக் கூடாது.

மூக்குத்தி வழக்கு என்கிறார்களே, அது என்ன?

டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு தமிழ்ப் பெண் 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு, சின்னத் தங்க மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்தாள். நகை விதிக்கு விரோதம், கழற்று என்றது பள்ளி. எங்கள் குடும்பத்தில் பருவம் வந்த பெண்ணை மதிக்கும் விதமாகப் பாட்டி மூக்குத்தி போடுவது வழக்கம், இது ஃபேஷன் கிடையாது என்றார் தாயார். சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்று, வழக்கு கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு அந்தப் பெண் பக்கம் நின்றது.

மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமா என்பதுதான் பள்ளித் தரப்பின் பெரிய வாதம். கட்டாயமாக இல்லாவிட்டாலும், ஒருவருடைய மதத்திலும் பண்பாட்டிலும் அதற்குப் பொருள் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். எல்லோருக்கும் ஒரே சீருடை விதி என்பது சமமாகத் தெரியும். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் எந்தப் பண்பாட்டிலிருந்து எழுதினார்கள் என்று பார்த்தால், காதில் ஒரு சின்னத் தோடு சாதாரணம், மூக்கில் அதே அளவு பொன் விதிமீறல் என்றாகிவிடுகிறது. பெரும்பான்மைப் பழக்கம் எப்போதும் மதம் என்ற பெயரில் வருவதில்லை, இயல்பு என்ற பெயரில் வரும். அதை நீதிமன்றம் கண்டுகொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

புனித வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் விடுமுறை, தீபாவளிக்கு ஏன் இல்லை?

1994 விடுமுறைச் சட்டம் 12 நாட்களை வைத்தது. பரமேறுதல் நாள் பட்டியலிலிருந்து போனது. ஈஸ்டர் திங்கள் ‘குடும்ப நாள்’ என்ற பெயரிலும், டிசம்பர் 26 ‘நல்லெண்ண நாள்’ என்ற பெயரிலும் இருக்கின்றன. புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் பெயரோடு தங்கின. மக்களில் பெரும்பாலோர் அன்று எப்படியும் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது நடைமுறைக் காரணம். தீபாவளியைச் சேர்க்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. அதைக் கேட்பது நியாயம் என்பதே என் நிலை.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டு ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் உண்டு. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், புனித வெள்ளியை வெறும் கிறிஸ்தவ விடுமுறை என்று சொல்லும்போது நம் ஊர்க் காட்சி ஒன்றை மறந்துவிடுகிறோம். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் உடுத்த கூட்டம், தட்டுத் தட்டாகத் தேங்காயும் வாழைப்பழமும், வேப்பிலை, உறுமியும் தவிலும். டர்பன் பக்கம் தீமிதியும் இதே நாட்களில் நடக்கிறது. பெரியவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. கரும்புத் தோட்டத்தில் கூலிகளுக்கு வேலை நின்ற சில நாட்களில் இதுவும் ஒன்று, அந்த நாளை அம்மனுக்கு வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரரின் விடுமுறையில் நம் ஆட்கள் தீக்குழி வெட்டினார்கள். அதே காலையில் என் அம்மா வழி உறவினர்கள் சபையில் சிலுவைப்பாட்டைத் தியானிப்பார்கள். மதியம் எல்லோரும் ஊறுகாய் மீன் சாப்பிடுவோம்.

கிறிஸ்தவக் கட்சிகளுக்குச் செல்வாக்கு உண்டா?

வாக்கில் குறைவு. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1993இல் தொடங்கியது, தலைவர் போதகர் கென்னத் மெஷோ. 1994இல் 2 இடம், 2019இல் 4, 2024இல் 3. அரசியலமைப்பு 8 மே 1996 அன்று நிறைவேறியபோது 421 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்த 2 பேரும் இந்தக் கட்சிக்காரர்கள். கருக்கலைப்பு, ஒருபாலினத் திருமணம் இரண்டையும் எதிர்ப்பவர்கள். பைபிளின்படி சட்டம் வேண்டும் என்று கேட்டால் 85 சதவீதக் கிறிஸ்தவர்கள் இருக்கும் நாட்டில் வாக்கு குவியும் என்று நினைப்போம், குவியவில்லை. சபைக்கு ஒரு மனசோடும் வாக்குச்சாவடிக்கு இன்னொரு கணக்கோடும் போகிறார்கள் இந்த நாட்டு மக்கள். அது நல்லது என்றே நினைக்கிறேன்.

பெரிய கட்சிகள் சபைகளைத் தேடிப் போவது வேறு கதை. லிம்போபோவில் மோரியாவில் கூடும் சீயோன் கிறிஸ்தவ சபையின் ஈஸ்டர் கூட்டத்துக்கு 1985இல் அன்றைய ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தா போனார். 1992இல் மண்டேலா, அன்றைய ஜனாதிபதி டி கிளெர்க், ஜூலு தலைவர் புத்தெலெசி மூவரும் ஒன்றாகப் போனார்கள். அன்றிலிருந்து தேர்தல் வந்தால் தலைவர்கள் சபை மேடையில் மண்டியிடுவது வழக்கமாகிவிட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா, இயேசு திரும்பி வரும்வரை ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்தான் ஆளும் என்று பல முறை சொன்னார். சபைத் தலைவர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். 2024இல் அந்தக் கட்சி பெரும்பான்மையை இழந்தது.

நம் ஆட்கள் இத்தனை பேர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போவது ஏன்? அவர்கள் இன்னும் தமிழர்தானா?

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள், பெரும்பாலும் கோபத்தோடு. 2001 கணக்கெடுப்பிலேயே இங்குள்ள இந்திய வம்சாவளியினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கிறிஸ்தவர்.

முதலில், தமிழ்க் கிறிஸ்தவர் என்பது இங்கே புதுசு கிடையாது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1862இல் வந்த மெதடிஸ்ட் போதகர் ரால்ஃப் ஸ்டாட் இலங்கை மட்டக்களப்பில் வேலை செய்தவர், தோட்டக் கூலிகளிடம் தமிழிலேயே பேசினார். பெந்தெகொஸ்தே அலை 1931இல் மாரிட்ஸ்பர்க்கில் ஜே. எஃப். ரோலண்ட்ஸ் தொடங்கிய கூட்டங்களோடு எழுந்தது, பெத்தெஸ்தா என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவியது.

பிறகு, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டம். கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் குடும்பங்களைப் பிடுங்கி சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நட்டார்கள். தாத்தா, ஆயா, சித்தப்பா என்று ஒரே கூரையின் கீழ் இருந்த கூட்டுக் குடும்பம் இரண்டு அறை வீடுகளாக உடைந்தது. கோயில் தூரமானது, பூசைமொழி புரியாமல் போனது. அந்த நேரத்தில் ஒரு போதகர் வீட்டுக்கே வந்து, கஷ்டத்தைக் கேட்டு, தலையில் கை வைத்து ஜெபித்தார். குடித்துவிட்டு அடிக்கும் கணவன் திருந்திய வீடுகள் எனக்குத் தெரியும். சாமி படங்களைக் குப்பையில் போடச் சொன்னதால் உடைந்த வீடுகளும் தெரியும். இரண்டும் நடந்தது. படத்தைக் குப்பையில் போடச் சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆயாவின் தெய்வத்தைப் பேய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே அளவு வருத்தம், சபைக்குப் போன தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்ற அண்ணன்கள் மேலும் உண்டு.

தமிழரா என்றால், தமிழர்தான். என் வகுப்பில் ஆத்திசூடியை முதலில் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளை ஒரு போதகரின் மகள்.

போதகர்களுக்கு அரசு லைசென்ஸ் வரப்போகிறதா?

பெட்ரோல் குடிக்க வைப்பது, பூச்சிமருந்து தெளிப்பது என்று சில போதகர்கள் செய்த கொடுமைகள் வெளியானதும், பண்பாட்டு, மத, மொழிச் சமூகங்களின் உரிமைக்கான ஆணையம் விசாரித்தது. மதத் தலைவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2017 அறிக்கையில் பரிந்துரைத்தது. சபைகளில் பெரும்பாலானவை எதிர்த்தன, சட்டமாகவில்லை. கொடுமை செய்பவர்களைப் பிடிக்க ஏற்கெனவே உள்ள குற்றச் சட்டம் போதும் என்பதே என் கருத்து. யார் போதகர், யார் பூசாரி என்று முடிவு செய்யும் வேலையை அரசிடம் கொடுத்தால், நாளைக்கு நம் கோயில் பூசாரியும் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

மதத்தின் பேரால் பள்ளியிலோ வேலையிலோ சிக்கல் வந்தால் எங்கே போவது?

பள்ளி என்றால் முதலில் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அணிவதோ செய்வதோ உங்கள் குடும்பத்தில் எப்படி வந்தது, அதற்கு என்ன பொருள் என்று சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். சாஸ்திர ஆதாரம் தேடி அலைய வேண்டாம், மூக்குத்தி தீர்ப்புக்குப் பிறகு அது அவசியமில்லை. அங்கே தீராவிட்டால் மனித உரிமை ஆணையத்திலோ, மேலே சொன்ன மத, மொழிச் சமூக ஆணையத்திலோ புகார் தரலாம். இல்லையென்றால் உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமத்துவ நீதிமன்றம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, படிவம் நிரப்ப அங்குள்ள எழுத்தர் உதவுவார். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் காகிதத்தோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.